கேபின் 312, மாரிச்செல்வம் குடும்பம்

மே 16, வெள்ளி

இன்றைய பிழை: போனில் "அதெ" என்று சொன்னது.

காலை பதினொன்றே காலுக்கு ஹோட்டலிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். நான் லாண்டரியில் தலையணை உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் ஈரம். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். நாளைக்கு வருவது உறுதிதானா என்று கேட்கத்தான் கூப்பிட்டாளாம். "மாரிச்செல்வம் சாரும் ஃபேமிலியும் அல்லே? மூணு பேர்?" என்றாள். நான் "அதெ", அதாவது ஆமாம், என்றேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

மாரிச்செல்வம் என் அண்ணன். மார்ச் ஒன்பதாம் தேதி எலிப்பனியில், அதாவது எலிக்காய்ச்சலில், இறந்துபோனான்.

மூன்று பேர் என்பது சரி. அண்ணனுக்குப் பதிலாக நான் போகிறேன். பெயரைத் திருத்தத் திரும்ப அழைத்திருக்கலாம், எண் போனில் இருந்தது. ஆனால் அதற்கு அந்த ஒரு வாக்கியத்தை மறுபடி சொல்ல வேண்டும். வார்டு அலுவலகத்தில் சொன்னேன், கேஸ் ஏஜென்சியில் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன். இன்னோர் இடத்தில் சொல்லச் சோம்பலாக இருந்தது. சோம்பல்தான் சரியான சொல்லா என்று தெரியவில்லை. அழுகை வந்துவிடும் என்று பயந்ததாக எழுதினால் அது பொய்.

மாலைத் தமிழ் வகுப்பில் ஸ்வர்ணலதா டீச்சர் சொன்ன முறைப்படித்தான் எழுதுகிறேன். மேலே தேதி, முதல் வரியில் அன்றைய பிழை, கடைசி வரியில் மறுநாள் வேலை. நடுவில் எது வேண்டுமானாலும் எழுதலாம். நான் பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழில் இப்படி முழுப் பக்கம் எழுதத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது.

அந்தக் கூப்பனைப் பற்றி எழுத வேண்டும். அண்ணனும் நான் வேலை செய்கிற வாஞ்சிநாதன் அண்ணாச்சியின் லாண்டரியில்தான் வேன் ஓட்டினான். கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் மட்டாஞ்சேரியில் வெளுத்த படுக்கை விரிப்புகளை ஆலுவா தாண்டியிருக்கும் ஹோட்டல்கள் வரை கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கு மூட்டைகளை ஏற்றி வருவான். அதில் ஒரு ஹோட்டல், தண்ணீர்ச் சறுக்கு, ராட்டினமெல்லாம் இருக்கிற ஒரு பெரிய பூங்காவை ஒட்டியிருக்கிறது. ஜனவரியில் அவர்களுடைய ஆண்டு விழாவில் ஊழியர்களுக்கும் வேன் ஓட்டுகிறவர்களுக்கும் குலுக்கல் நடத்தினார்கள். அண்ணனுக்கு விழுந்தது. குடும்பத்தோடு ஒரு நாள் தங்கலாம், பூங்காவுக்கும் நுழைவு உண்டு, மே முப்பத்தொன்று வரை செல்லும். அண்ணன் அதை இசக்கியின் கையில் கொடுத்து, பள்ளி லீவு விட்டதும் போவோம் என்றான்.

இசக்கிப்பிரியா அண்ணன் மகள். ஆறு வயது. அவளுக்கு இன்னும் தெரியாது.

அதற்கு நான்தான் காரணம். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே அவளைச் சங்கரன்கோவிலுக்கு, ரோஜா மதினியின் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அங்கிருந்து போன் செய்து, "அத்தை, அப்பா எங்க?" என்று கேட்டாள். அண்ணன் அப்போது தீவிர சிகிச்சை வார்டில் இருந்தான். நான் "ஹோட்டல் டூட்டி" என்றேன். எங்கள் வீட்டில் அது வழக்கமான பதில். சீசன் நாட்களில் அண்ணன் இரண்டு மூன்று நாள் வீட்டுக்கு வராமல் ஹோட்டல் டிரைவர் அறையிலேயே தூங்கிக்கொள்வான். ஹோட்டல் டூட்டி என்று சொன்னால் காத்திருக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம் என்று அர்த்தம். அண்ணன் இறந்த பிறகும் அதையே சொன்னேன். பதினாறாம் நாள் கழிந்து அவள் திரும்பி வந்தபோதும் அதையே சொன்னேன். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்தோம். இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இப்போது அந்த ஹோட்டலுக்கே போகிறோம்.

சாயங்காலம் மதினி இசக்கியின் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இசக்கி பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்தாள்.

"போவண்டாம்னா கேக்க மாட்டா," என்றாள் மதினி. "அப்பா டூட்டி பாக்க ஹோட்டலுக்கு எப்பப் போவோம்னு தெனமும் கொல்லுதா. அங்க வச்சுச் சொல்லிருவோம். ரைடெல்லாம் ஏறி எறங்கிச் சந்தோசமா இருக்கும்போது சொன்னா கொஞ்சம் தாங்கும்."

"யார் சொல்ல?"

"ஹோட்டல் டூட்டின்னு நீதான சொன்ன. நீயே சொல்லிரு. எனக்கு வாயி வராது." கோபமாகச் சொல்லவில்லை. காலரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"சாமிகிட்ட போயிட்டாங்கன்னு சொல்லவா மதினி?"

"போயிட்டாங்கன்னு மட்டும் சொல்லாத. போனா எப்ப வருவாங்கன்னு கேப்பா."

"பொறவு எப்பிடி?"

"செத்துட்டாங்கன்னு சொல்லு. கோழி செத்தா என்னன்னு அவளுக்குத் தெரியும்."

மூன்று வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று: அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு: டாக்டர்கள் மருந்து கொடுத்தும் சரியாகவில்லை. மூன்று: அப்பா செத்துட்டாங்க. மூன்றாவதில் மட்டும் பேச்சுத் தமிழ் வந்திருக்கிறது. திருத்திப் பார்த்தேன், திருத்தினால் வாயில் நிற்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

நாளைய வேலை: ஹோட்டலில், மாலை ஏழு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்பு, இசக்கியிடம் சொல்ல வேண்டும்.

மே 17, சனி

இன்றைய பிழை: சொல்லவில்லை.

ஆலுவா வரை மெட்ரோ. அங்கிருந்து அங்கமாலி பக்கம் போகிற பேருந்து. இறங்கிய இடத்திலிருந்து பார்த்தால் ஒரு குன்றின் மேல் கப்பல் நிற்கிறது. அதுதான் ஹோட்டல். நான்கு மாடி, வட்ட ஜன்னல்கள், மேலே புகைபோக்கி, முன்னால் நிஜ நங்கூரம். மதினி வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"தெனமும் கப்பலப் பாத்துக்கிட்டே பாத்திரம் கழுவுதோம். இதப் பாக்க ரெண்டு வண்டி ஏறி வந்திருக்கோம்," என்றாள்.

"இது மலைக் கப்பல் அம்மா. முங்காது," என்றாள் இசக்கி. அவளுக்கு எல்லாம் தெரியும். அப்பா சொல்லியிருக்கிறார்.

வரவேற்பில் எல்லோரும் மாலுமி உடுப்பு. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை. அன்றைக்கு வந்து தங்குகிறவர்களின் பெயர்களை அதில் சாக்கட்டியால், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும், எழுதி வைத்திருந்தார்கள். ஐந்தாவது வரி: கேபின் 312, மாரிச்செல்வம் குடும்பம். இசக்கி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். யுகேஜியில் அவள் முதலில் எழுதிப் பழகியது தன் பெயர், இரண்டாவது அப்பா பெயர்.

"அப்பா பேரு! அத்தை, அப்பா பேரப் போட்டிருக்காங்க. அப்பா இங்கதான் இருக்காங்க."

நேற்று நான் சொன்ன "அதெ" பலகையில் ஏறியிருந்தது. மதினி பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் மூன்று தொப்பிகளை எடுத்து வைத்தாள். இரண்டு வெள்ளை. ஒன்றில் தங்கச் சரிகை. "சார் எவிடெ? கேப்டன் தொப்பி சாரினுள்ளதாணு," என்று சாரைத் தேடினாள்; அது அவருக்காம்.

"பின்னே வரும்," என்றேன். பின்னால் வருவார் என்று ஒரு ஹோட்டல் பெண்ணிடம் சொல்வது எளிதாக இருந்தது. இரண்டு மாதமாகச் சொல்லிப் பழகிய வாய். சரிகைத் தொப்பியை இசக்கி வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். அப்பாவிடம் அவளே கொடுக்க வேண்டுமாம்.

அறையில் பெரிய கட்டில் ஒன்று, கப்பல் ஏணி வைத்த மேல் கட்டில் ஒன்று. துண்டை மடித்து ஆமை செய்து படுக்கை மேல் உட்கார வைத்திருந்தார்கள். நான் விரிப்பின் மூலையைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை நூலில் எங்கள் லாண்டரி அடையாளம். நான் போட்ட தையல்தான், மூன்றாவது தையல் கொஞ்சம் கோணல். மதினி கட்டிலின் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்தாள். சுருக்கம் விழுந்தால் யார் வெளுப்பது என்பதுபோல.

"ஏட்டி, செருப்போட ஏறாத," என்று இசக்கியை அதட்டினாள்.

மூன்றரை மணிக்குப் பூங்காவுக்குப் போனோம். ஹோட்டலிலிருந்து ஒரு பாலம் வழியாக நேராகப் போய்விடலாம். கூட்டம். இசக்கி மூன்று தண்ணீர்ச் சறுக்கில் இறங்கினாள், ஒரு தவளை வண்டியில் ஏறினாள், பஞ்சு மிட்டாய் தின்றாள். நானும் மதினியும் உயரமான ஒரு ஊஞ்சல் ரைடில் ஏற வேண்டியதாயிற்று. குழந்தைகள் கீழே ஒரு வேலிக்குள் நின்று, மேலே போகிற பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று ஒரு ஏற்பாடு. இசக்கி எங்களைத் தள்ளிவிட்டாள்.

மேலே போய்த் தலைகீழாக நின்றது. பூங்கா, குன்று, ஹோட்டல், எல்லாம் தலைக்கு மேலே இருந்தன. எல்லோரும் அலறினார்கள். எனக்கு அலறல் வரவில்லை. பயமும் வரவில்லை. பக்கத்தில் மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு தோப்பும்படிப் பேருந்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தாள். கீழே இறங்குகிற இடத்தில் போட்டோ எடுத்துத் திரையில் காட்டுகிறார்கள். இருபது பேர் வாயைப் பிளந்திருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்க்கிறோம்.

"சேச்சிமார் உறங்கிப்போயோ?" என்று போட்டோ விற்கிறவன் சிரித்தான்.

"ஆமா, நல்ல காத்து," என்றாள் மதினி.

ஹோட்டலுக்குத் திரும்பியதும் இசக்கி தேட ஆரம்பித்தாள். குழந்தைகளுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கிறார்கள், பாஸ்போர்ட் மாதிரி. ஹோட்டலுக்குள் ஐந்து இடத்தில் போய் முத்திரை வாங்கினால் கடைசியில் ஒரு பொம்மை. நான் கூடப் போனேன். அவள் முத்திரைக்கு நீட்டுகிற ஒவ்வோர் இடத்திலும், "என்டெ அச்சனெக் கண்டோ?" என்று அப்பாவை விசாரித்தாள். சாப்பாட்டு அறையில், நீச்சல் குளத்தில், விளையாட்டு அறையில்.

அவர்களுக்கு இது விளையாட்டின் ஒரு பகுதி. குளத்தங்கரையில் இருந்தவன் நெற்றிக்கு நேராகக் கையை வைத்து சல்யூட் அடித்து, "கேப்டன் கப்பல் ஓடிக்குகயாணு மோளே, இப்போ வரும்," என்றான். அடுத்தவன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்து, "தூரத்து உண்டு, கண்டு, கண்டு," என்றான். இசக்கிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அவன் பெயர் எழுதிய வில்லையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அனில்.

"நான் சொன்னேன்ல அத்தை," என்றாள்.

ஆறே முக்காலுக்கு அறைக்கு வந்தோம். ஏழு மணிக்குச் சொல்ல வேண்டும். மூன்று வாக்கியத்தையும் குளியலறைக் கண்ணாடி முன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வெளியே வந்தபோது இசக்கி தூங்கிவிட்டாள். ஈரத் தலை, வயிற்றின் மேல் சரிகைத் தொப்பி.

"எழுப்பவா மதினி?"

மதினி அவள் காலைத் தூக்கிப் போர்வைக்குள் வைத்தாள். "உறங்கட்டும். இன்னும் ஒரு ராத்திரி கெடைக்கட்டும் அவளுக்கு."

அது மதினிக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். எனக்கும்தான். ஆனால் எனக்குச் சந்தோஷமும் இல்லை, நிம்மதியும் இல்லை. ஏழு மணி கடந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

நாளைய வேலை: காலை எட்டு மணிக்கு, நாஷ்டாவுக்கு முன்பு, கட்டாயம் சொல்ல வேண்டும்.

மே 18, ஞாயிறு

இன்றைய பிழையை முதல் வரியில் எழுத முடியவில்லை. அது எது என்பது மத்தியானம்தான் தெரிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஏழு இருபதுக்குக் குளிக்கப் போனேன். எட்டு மணிக்கு முன் எல்லாம் முடித்துவிட வேண்டும் என்று கணக்கு. தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது மதினி கதவைத் தட்டினாள்.

"ஏ வசந்தி! அவ எறங்கி ஓடுதா! வெளிய வா!"

இசக்கி வட்ட ஜன்னலில் நின்றிருக்கிறாள். பின்பக்கம் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றிருக்கிறது. எங்கள் லாண்டரி வேன். பின் கண்ணாடியில் அவள் ஒட்டிய பட்டாம்பூச்சி இருந்தது. "அப்பா வண்டி" என்று ஒரு கத்து கத்திவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அந்த வேன் ஞாயிறு காலையில் அங்கே வரும் என்பது எனக்குத் தெரியும். மூட்டைக்கு எண் போடுவதே நான்தான். எனக்கு அது நினைவில் வரவே இல்லை.

ஈரத் தலையோடு வேலையாட்கள் படியில் இறங்கினேன். பின்பக்கம் கப்பல் இல்லை. சிமெண்ட் தரை, கம்பிக் கூண்டு வண்டிகள், அழுக்குத் துணி மூட்டைகள், ஒரு குழாய். வேனின் பின்கதவு திறந்திருந்தது. ரமேஷ்பாபு அண்ணன் ஒரு மூட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எங்கள் லாண்டரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். அண்ணனுக்குப் பிறகு வண்டி அவர் கைக்கு வந்தது. இசக்கி அவருக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, அப்பா உள்ள இருக்காங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "என்ன வசந்தி இது? பிள்ளைகிட்ட இன்னுமா சொல்லல?"

"என்ன சொல்லல?" என்றாள் இசக்கி.

அவள் வேனுக்குள் ஏறினாள். மூட்டைகளுக்கு நடுவில் போய்ப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையின் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு பின்னோக்கி, கவனமாக ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள்.

"இல்ல," என்றாள்.

எனக்கு முதல் இரண்டு வாக்கியமும் மறந்துவிட்டன.

"அப்பா செத்துட்டாங்க இசக்கி."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், ரமேஷ்பாபு அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"எப்ப?"

"மார்ச்சுல. காய்ச்சல் வந்து."

"நான் ஊர்ல இருந்தப்பவா?"

"ஆமா."

"அப்பம் ஹோட்டல் டூட்டி?"

"அது நான் பொய் சொன்னது."

மதினி செருப்பில்லாமல் படியிறங்கி வந்து பின்னால் நின்றாள். இசக்கி அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஊர்ல தாத்தாவக் குழிக்குள்ள வச்சாங்கல்லா. அப்பாவ எங்க வச்சீங்க?"

இதற்கு நான் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை.

"இங்க குழி கெடையாது. எரிச்சு, சாம்பலத் தண்ணில விட்டாச்சு," என்றேன்.

"எந்தத் தண்ணில?"

நான் மதினியைப் பார்த்தேன். மதினி என்னைப் பார்த்தாள்.

"ஆலுவாலதான்," என்றாள் மதினி. "ஆத்துலன்னு நெனச்சேன். இல்லையா?"

"நான் கடல்னு நெனச்சேன் மதினி. கோட்டைக் கொச்சில."

"உங்கிட்டச் சொன்னாங்களா?"

"இல்ல. உங்ககிட்ட?"

"எங்கிட்ட யாரு சொன்னா?"

ரமேஷ்பாபு அண்ணன் மூட்டையைக் கீழே வைத்தார். "நான் அன்னைக்குப் போவல. வண்டிக்கு ஆளில்லைன்னு அண்ணாச்சி என்னைய லோடு எடுக்க அனுப்பிட்டாரு," என்றார்.

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. எரித்த மூன்றாம் நாள் சாம்பலோடும் போவதில்லை. வாசலோடு நின்றுவிடுவோம். அன்று பாண்டித்துரை சித்தப்பாவும் மதினியின் தம்பி இசக்கிமுத்துவும் விடியற்காலையில் போனார்கள். எட்டு மணிக்கு ஈர வேட்டியோடு திரும்பி வந்தார்கள். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தோம், சாயா கொடுத்தோம். எங்கே என்று கேட்பது வழக்கமில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. ஆக, இன்றைய பிழை மார்ச் பன்னிரண்டாம் தேதி செய்தது.

மதினி குனிந்து இசக்கியைத் தூக்கப் போனாள். இசக்கி உடம்பை விறைத்துக்கொண்டாள். பிறகு தானாகவே மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அதற்கு முன்பு தொப்பியை ரமேஷ்பாபு அண்ணனிடம் கொடுத்தாள். வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் கேப்டன் தொப்பி என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவர் அதை வாங்கி என்ன செய்வது என்று தெரியாமல் மூட்டையின் மேல் வைத்தார்.

எட்டே காலுக்கு நாஷ்டாவுக்குப் போனோம். போவதா வேண்டாமா என்று யாரும் யோசிக்கவில்லை. இசக்கி இரண்டு பூரி தின்றாள். ஆமை வேஷம் போட்ட ஒருவர் மேஜை மேஜையாக வந்து கை கொடுத்தார். இசக்கியும் கை கொடுத்தாள். "ஹாப்பியாணோ?" என்று ஆமைக்குள்ளிருந்து குரல் வந்தது. அவள் "ஆ" என்றாள்.

அறையைக் காலி செய்யும்போது மதினி விரிப்புகளையும் உறைகளையும் உருவி, ஒரு விரிப்பில் போட்டு நான்கு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். வேலையாள் வந்து பார்த்து, "ஐயோ சேச்சி, அது ஞங்ஙள் செய்யும்," என்றான். "இருக்கட்டும், கை சும்மா இருக்க மாட்டேங்கு," என்றாள்.

வரவேற்பில் அதே பெண் இருந்தாள். சாருக்கு ஹோட்டல் பிடித்திருந்ததா என்று கேட்டாள். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நேற்று முன்தினம் அவ்வளவு சோம்பலாக இருந்தது, இன்று சட்டென்று வந்துவிட்டது. அவள் எழுந்து நின்றாள். பாவம், மாலுமித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கறுப்புப் பலகையில் எங்கள் வரியை ஏற்கெனவே அழித்து வேறு யாரோ குடும்பத்தை எழுதியிருந்தார்கள்.

பேருந்து ஆலுவாவுக்குள் நுழையும்போது பெரியாற்றுப் பாலம் வந்தது. இசக்கி ஜன்னலோரம். முட்டிபோட்டு எழுந்து பார்த்தாள்.

"இந்தத் தண்ணியா?"

"தெரியலட்டி," என்றாள் மதினி.

மெட்ரோவில் உட்கார்ந்து சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். அவர் எர்ணாகுளம் பிராட்வே சந்தையில் சரக்கு இறக்குகிறவர். ஞாயிறு ஒரு நாள்தான் தூங்குவார். அன்றைக்குப் போனைத் தொடவே மாட்டார். மதினி சங்கரன்கோவிலுக்குத் தம்பியை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கன்னாக்கா? எனக்கு அந்த ஊரு எங்க தெரியும்? இருட்டு வேற. வண்டியில போனோம். ஒரு பாலம் இருந்துச்சு. பாலத்துக்குப் பக்கத்துல படி எறங்குச்சு. பாண்டித்துரை மாமா எறங்குன்னாரு, எறங்குனேன். முங்குன்னாரு, முங்குனேன்."

"உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியாலே?"

"வாயத் தொறந்தா முங்குவாங்க?" என்றான். பிறகு, "எதுக்குக்கா கேக்க இப்ப?" என்றான்.

"இவ கேக்கா," என்றாள் மதினி.

"சொல்லிட்டீங்களா," என்றான்.

எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிப் பேருந்து. இந்த ஊரில் எத்தனை தண்ணீர் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை. இன்று இசக்கி எண்ண வைத்தாள். தேவரை தாண்டிக் கால்வாய் வந்தது. "இதா?" வெண்டுருத்திப் பாலத்தில் காயல் இரண்டு பக்கமும் வந்தது, தூரத்தில் நிஜக் கப்பல்கள் நின்றன. "இதா?" தோப்பும்படிப் பாலம் வந்தது. "இதா?" ஒவ்வொன்றுக்கும் மதினி, "தெரியல, நாளைக்குக் கேப்போம்," என்று ஒரே குரலில் சொன்னாள். முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, குழந்தை எதையாவது தண்ணீரில் போட்டுவிட்டதா என்று மலையாளத்தில் கேட்டாள். மதினி தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த ஈர வேட்டி இரண்டையும் நான்தான் அலசினேன். அதைப் பேருந்தில் நினைத்துக்கொண்டே வந்தேன். உப்புத் தண்ணீரில் நனைந்த துணியில் சோப்பு முதல் தடவை நுரைக்காது. எங்கள் வேலையில் அது கைக்கே தெரியும், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. அன்று நுரைத்ததா? வாளி நினைவிருக்கிறது. நீல வாளி. சோப்பு புதிது, உறையைப் பிரித்தது நினைவிருக்கிறது. இரண்டு வேட்டியையும் பிழிந்து கொடியில் போட்டது நினைவிருக்கிறது. நுரைத்ததா இல்லையா என்பது மட்டும் நினைவில் இல்லை. கை அன்று எதையும் கவனிக்கவில்லைபோல. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. சரிசெய்ய வழி தெரியவில்லை.

மூன்று மணிக்கு வீடு. சோறு வைத்தோம். நான்கு மணிக்கு மேல் இசக்கி அழுதாள். பெரிய காரணம் ஒன்றுமில்லை, பாஸ்போர்ட் புத்தகத்தில் ஐந்தாவது முத்திரை வாங்கவில்லை என்று அழுதாள். மதினி அவளை மடியில் போட்டுக்கொண்டு, "அழு, அழு," என்று முதுகைத் தட்டினாள். தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் அடுப்படியில் நின்றேன். அவர்களோடு போய் உட்காரலாமா என்று தெரியவில்லை. பிறகு போய் உட்கார்ந்தேன்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு இசக்கி கேட்டாள்: "நாளைக்குக் காட்டுவியா அத்தை?"

"சித்தப்பா தாத்தாகிட்டக் கேட்டுட்டுக் காட்டுதேன்."

"பொய் சொல்லாத."

"சொல்லல."

"நானும் வருவேன். நான் கேப்பேன். நீ கேட்டா மாத்திச் சொல்லுவ."

சரி என்றேன். மதினியும் வருகிறாளாம். அண்ணாச்சிக்குப் போன் செய்து, நாளை பத்து மணிக்குத்தான் வேலைக்கு வருவோம் என்று சொல்லிவிட்டேன்.

நாளைய வேலை: காலை ஆறு மணிப் பேருந்து. சித்தப்பா எட்டு மணி வரை பிராட்வேயில் இருப்பார். மூன்று பேரும் போய், அண்ணனின் சாம்பலை எந்தப் பாலத்தின் படியில் இறங்கி விட்டார்கள் என்று கேட்க வேண்டும்.